இணைப்புகளைப் படமாக்கிய வரலாறு

நிலத்தை ஆள முற்பட்டவர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று நிலப்படம் வரைதல். நெகிரி செம்பிலானில் காட்டை அழித்துப் பால்மரம் நட்ட காலத்திலும் அதுவே நடந்தது. எல்லைக் கல், மண்சாலை, ஆறு, லயம், ஆலை, ஆயாக் கொட்டகை ஆகிய அனைத்தும் தோட்ட அலுவலகத்துப் படத்தில் கோடுகளாகவும் கட்டங்களாகவும் அமைந்தன. நிலத்தில் உள்ள ஒன்றைத் தாளில் ஏற்றுவது கடினமான வேலையாயினும், அளவைச் சங்கிலியும் கோணமானியும் கொண்டு செய்துவிடலாம். ஆனால் நிலமே இல்லாத ஓரிடத்திற்குப் படம் வரைய வேண்டுமாயின் என்ன செய்வது?

இணையம் அத்தகைய இடம். அங்குத் தூரமும் இல்லை, திசையும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு ஒன்றே அங்குள்ள வழி. அவ்விணைப்புகளைத் தேடி எடுத்து, கண்ணால் காணும் படமாக வரைந்து காட்டும் மென்பொருள்கள் 1990களின் நடுவில் தோன்றின. அவற்றின் வரலாற்றில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இருவர் சிறப்பான இடம் பெறுகின்றனர். அவ்வரலாறு உலகெங்கும் சிதறி வாழும் தமிழரையும் ஒருவகையில் தொடுகிறது. சிரம்பானிலும் அதனை அடுத்த லோபாக்கிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழ்ந்தவர், வாழ்பவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் ஒன்று உண்டு.

பாலங்களில் பிறந்த கணிதம்

இணைப்புப் படத்தின் மூலத்தைத் தேடினால் நாம் 18ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல நேரும். கோனிக்ஸ்பர்க் என்னும் நகரின் ஊடே ஆறு ஓடியது. அந்நகரின் நான்கு நிலப்பகுதிகளை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் இருமுறை கடவாமல் ஏழு பாலங்களையும் கடந்துவர இயலுமா என்பது அந்நகர மக்கள் எழுப்பிய வினா. 1736இல் ஆய்லர் என்னும் கணிதப் பேரறிஞர் இயலாது என்று நிறுவினார். நிலத்தின் பரப்பையும் பாலத்தின் நீளத்தையும் அவர் அறவே ஒதுக்கினார். நிலப்பகுதி ஒவ்வொன்றையும் ஒரு முனையாகவும், பாலம் ஒவ்வொன்றையும் ஒரு தொடர்பாகவும் மட்டுமே கொண்டார். எது எதனோடு இணைந்துள்ளது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. முனைகளையும் கோடுகளையும் பற்றிய கணிதத் துறை இவ்வாறு பிறந்தது.

இதே கருத்து 1933இல் மக்கள் கைக்கு வந்தது. இலண்டன் நிலத்தடி இரயிலுக்கு ஹாரி பெக் என்பவர் வரைந்த படம் அவ்வாண்டில் வெளியிடப்பட்டது. நிலையங்களுக்கிடையே எத்தனை மைல் என்பதை அது காட்டவில்லை; எந்த நிலையத்தில் இறங்கி எந்தத் தடத்துக்கு மாறலாம் என்பதையே காட்டியது. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதையை இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக வரைந்தால், அதுவும் ஆய்லர் முறைப் படமேயாகும்.

மனிதத் தொடர்புகளையும் இவ்வாறு வரையலாம். நம் முன்னோர் பலர் கங்காணி முறையில் இந்நாட்டுக்கு வந்தவர்கள். தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துவந்தார். அத்தொடர்பைப் படமாக வரைந்தால், ஒரு கங்காணியாகிய முனையிலிருந்து பல பத்துக் கோடுகள் ஊரை நோக்கிப் பிரியும். அம்முனையை எடுத்துவிட்டால் ஊருக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகும். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபோது பல குடும்பங்களுக்கு நேர்ந்தது அதுவே. பல இணைப்புகள் கூடும் முனை வலிமையுடையது என்பதையும், அதுவே ஆபத்துக்கு இடமாவது என்பதையும் இவ்வுதாரணத்தால் அறியலாம்.

ஒருவழிப் பாதை

1989 மார்ச்சில் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, தம் மேலதிகாரிகளுக்கு ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். உலகளாவிய வலை அதிலிருந்து தோன்றியது. அத்திட்டத்தின் முதற் பக்கத்திலேயே வட்டங்களும் அம்புக் குறிகளும் கொண்ட படம் ஒன்று உண்டு. வலையைக் கருவிலேயே படமாகக் கண்டவர் அவர்.

ஆயினும் அவர் வகுத்த வலையில் படம் தானாக அமையவில்லை. 1965இல் டெட் நெல்சன் என்னும் அமெரிக்கர் மீயுரை என்ற கருத்தை வெளியிட்டார். இரு பக்கங்களை இணைத்தால் இரண்டுக்கும் அவ்விணைப்புத் தெரிதல் வேண்டும் என்பது நெல்சனின் கொள்கை. பெர்னர்ஸ் லீ இணைப்பை ஒருவழிப் பாதையாக அமைத்தார். நாம் ஒருவர் பக்கத்தைச் சுட்டினால் அச்செய்தி அவருக்குத் தெரியாது. அவரது இசைவும் வேண்டியதில்லை. இவ்வெளிமையால்தான் வலை விரைந்து வளர்ந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வலையின் முழு அமைப்பும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. யார் யாரைச் சுட்டுகின்றனர் என்பதை அறிய வேண்டுமாயின், ஒவ்வொரு பக்கமாகச் சென்று பார்த்தே தீர வேண்டும்.

அவ்வாறு சென்று பார்க்கும் நிரலைச் சிலந்தி என்று கூறுவது வழக்கம். அதன் வேலை எளியது. தொடக்கப் பக்கத்தைப் படிக்கும். அதிலுள்ள இணைப்புகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளும். அவற்றுள் முன்பு காணாதவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்குள்ள இணைப்புகளையும் வரிசையின் இறுதியிற் சேர்க்கும். வரிசை முடியும் வரை இவ்வேலை நடக்கும். முடிவில் இரண்டு பட்டியல்கள் கிடைக்கும். ஒன்று பக்கங்களின் பட்டியல். மற்றொன்று எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்துக்கு இணைப்பு உள்ளது என்னும் பட்டியல். திறக்க முயன்று கிடைக்காத பக்கங்கள் முறிந்த இணைப்புகள் எனத் தனியே குறிக்கப்படும். வலையின் வளர்ச்சியை அளக்க 1993இல் அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேத்யூ கிரே இயற்றிய நிரல் இவ்வகையில் முன்னோடியானது.

பட்டியலைப் படமாக்குதல்

பட்டியல் இருந்தால் போதாது. ஆயிரம் முனைகளைத் தாளில் எங்கெங்கே வைப்பது? கண்டபடி வைத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடி, நூல் சிக்கலைப் போல் ஆகிவிடும். இச்சிக்கலை அவிழ்க்க இருவகை முறைகள் வலைக்கு முன்பே அறியப்பட்டிருந்தன. ஒன்று, 1981இல் ஜப்பானிய அறிஞர் சுகியாமாவும் அவர் துணைவரும் வகுத்த அடுக்கு முறை. முகப்புப் பக்கம் மேலே, அதன் இணைப்புகள் அடுத்த வரிசையில், அவற்றின் இணைப்புகள் அதற்கும் கீழே என வம்சாவளி மரத்தைப் போல் அது அமையும். மற்றொன்று, 1984இல் பீட்டர் ஈட்ஸ் கூறிய சுருள்வில் முறை. முனைகள் ஒன்றையொன்று தள்ளுவதாகவும், இணைப்புகள் சுருள்வில் போல் இழுப்பதாகவும் வைத்துக் கணினி கணக்கிடும். தள்ளலும் இழுத்தலும் சமநிலை அடையும்போது, தம்முள் மிகுதியாக இணைந்தவை ஒரு கூட்டமாகத் திரளும். தொடர்பற்றவை விலகி நிற்கும். யாரும் வகுத்துக் கொடுக்காமலே ஊர்களும் தெருக்களும் போன்ற தோற்றம் படத்தில் எழும்.

1995இல் கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாம்பிங், ரமணா ராவ், பிரோலி ஆகிய மூவர் வேறொரு வழியைக் கண்டனர். ஒரு வட்டத்துக்குள் மரம் முழுவதையும் அடக்கி, நடுவிலுள்ள பக்கங்களைப் பெரிதாகவும், ஓரத்துக்குச் செல்லச் செல்லச் சிறிதாகவும் காட்டினர். ஓரத்திலுள்ள ஒன்றைப் பிடித்து நடுவுக்கு இழுத்தால் அது பெரிதாக விரியும். 1997இல் இஸ்ரேலிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தினர், பயனாளர் விரும்பும் பொருளுக்கு ஏற்பத் தளத்தின் படத்தை உடனுக்குடன் வரையும் கருவியை வெளியிட்டனர்.

குகாவின் பறக்கும் படம்

இக்கால எல்லைக்குள் தோன்றிய கருவிகளுள் மிகத் துணிவானது ஆப்பிள் நிறுவனத்தில் உருவானது. அதனை உருவாக்கியவர் இராமநாதன் குகா. இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, பின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அறிவைக் கணினிக்கு உணர்த்தும் முறைகளை ஆராய்ந்தவராதலின், இணையத்தளத்தின் அமைப்பையும் ஒருவகை அறிவாகவே நோக்கினார். தளத்தில் என்ன உள்ளது, எது எதன் உட்பிரிவு என்பதை எழுதிவைக்கத் தனி முறை ஒன்றை வகுத்தார். அம்முறையில் எழுதிய கோப்பைக் காட்சியாக்கும் மென்பொருளுக்கு ஹாட்சாஸ் என்று பெயர். 1996இல் அது வெளிவந்தது.

அதனைத் திறந்தால் திரையில் தலைப்புகள் நிறப் பெட்டிகளாக வெளியில் மிதக்கும். சுட்டியை அழுத்தினால் நாம் அவற்றினூடே முன்னோக்கிப் பறப்போம். அண்மையிலுள்ள தலைப்புகள் நம்மைக் கடந்து செல்ல, அவற்றின் உட்பிரிவுகள் தொலைவிலிருந்து தோன்றி வளரும். தளத்தைப் படிப்பது மாறி, தளத்தினுள் பயணம் செய்வதாயிற்று.

இது நிலைக்கவில்லை. அக்காலத் தொலைபேசி வழி இணைப்பு மிக மெதுவானது. தளத்தை நடத்துவோர் தாமே அமைப்புக் கோப்பை எழுதித் தரவேண்டியிருந்தது, எழுதியவர் சிலரே. 1997இல் ஆப்பிள் நிறுவனம் நெருக்கடிக்குள்ளாகித் தன் ஆய்வுத் திட்டங்கள் பலவற்றை நிறுத்தியது. குகா நெட்ஸ்கேப் நிறுவனத்துக்குச் சென்றார். 1998இல் கூகுள் தோன்றிய பின்னர், படத்தைப் பார்த்து வழி தேடுவோர் குறைந்தனர். சொல்லைத் தட்டித் தேடுவதே பழக்கமாயிற்று.

ஆயினும் குகாவின் முறை மறையவில்லை. நெட்ஸ்கேப்பில் அது திருத்தப்பெற்று, வலையின் பொருள்களை விவரிக்கும் பொதுத் தரமாக 1999இல் உருக்கொண்டது. அதே ஆண்டு, ஒரு தளத்தில் புதிதாக வந்துள்ளவற்றைச் சுருக்கமாக அறிவிக்கும் ஓடை என்னும் முறையை குகாவும் அவர் துணைவரும் அதனினின்று உருவாக்கினர். இங்கேதான் நம் மொழி வருகிறது. 2003க்குப் பின் தமிழில் வலைப்பதிவு எழுதுவோர் பெருகினர். தனித்தனியே கிடந்த அப்பதிவுகளின் ஓடைகளை ஓரிடத்தில் திரட்டி, 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்னும் திரட்டியைத் தொடங்கினார். தமிழகத்தார், ஈழத்தார், மலேசியர், சிங்கப்பூரர் எனப் பல நாட்டுத் தமிழர் ஒருவர் எழுத்தை ஒருவர் கண்டு இணைப்புக் கொடுத்துக்கொண்ட பொதுச் சதுக்கமாக அது பல ஆண்டுகள் விளங்கியது. பறக்கும் படம் மறைந்தாலும், அதன் வழித்தோன்றல் தமிழரை இணைத்தது.

கழுத்துப்பட்டி வடிவம்

ஒரு தளத்தின் படம் இருக்க, முழு வலையின் படம் எத்தகையது? இவ்வினாவுக்கு 2000ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அல்டாவிஸ்டா, ஐ.பி.எம்., காம்பாக் நிறுவனங்களைச் சேர்ந்த எட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அதனை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் பிரபாகர் ராகவன். இவரும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவரே. 1999இல் அல்டாவிஸ்டா தேடுபொறியின் சிலந்தி திரட்டிய ஏறத்தாழ 20 கோடிப் பக்கங்களையும் 150 கோடி இணைப்புகளையும் அவர்கள் ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்ட வடிவம், கழுத்தில் அணியும் வண்ணத்துப்பூச்சிப் பட்டியை ஒத்தது. நடு முடிச்சில் சுமார் 5.6 கோடிப் பக்கங்கள். அவற்றுள் எதிலிருந்தும் எதற்கும் செல்லலாம். ஒரு சிறகில் முடிச்சை நோக்கிச் செல்ல வழியுடையன. ஆனால் முடிச்சிலிருந்து அவற்றுக்கு வர வழி இல்லை. மறு சிறகில் முடிச்சிலிருந்து சென்று சேரத்தக்கன. அங்கிருந்து திரும்ப வழி இல்லை. நான்காவது பகுதி, சிறகுகளிலிருந்து தொங்கும் நூலிழைகள் போன்றது. இம்மூன்றும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய சுமார் 1.7 கோடிப் பக்கங்கள் எதனோடும் சேராத தீவுகள்.

கண்டபடி இரண்டு பக்கங்களை எடுத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி இருப்பதற்கு நூற்றுக்கு 24 வாய்ப்பே உண்டு என்றும் அவர்கள் கணக்கிட்டனர். வழி இருப்பின் சராசரி 16 இணைப்புகளைக் கடக்க வேண்டும். எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தது வலை என்று நம்பியவர்களுக்கு இது வியப்பளித்தது. ஒரு பக்கம் வலையில் இருப்பது வேறு. அதனைச் சென்றடைய வழி இருப்பது வேறு.

புலம்பெயர்ந்தோரின் படம்

2008இல் பிரான்சின் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஜெபி என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டனர். சுருள்வில் முறையில் ஆயிரக்கணக்கான முனைகளை விரைவாக வரைந்து, முனைக்கு வரும் இணைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அதனைப் பெரிதாக்கி, கூட்டங்களுக்கு வெவ்வேறு நிறம் தீட்ட அது உதவியது. இதனைக் கொண்டு பாரிசில் டானா டிமினெஸ்கு என்பவரின் தலைமையில் புலம்பெயர்ந்தோர் இணைய வரைபடத் தொகுப்பு ஒன்று 2012இல் முடிவுற்றது. 30 சமூகங்களைச் சார்ந்த ஏறத்தாழ 8,000 தளங்கள் அதில் இடம்பெற்றன. தமிழர் அவற்றுள் ஒரு சமூகத்தார். பிரியா குமார் என்னும் ஆய்வாளர் ஈழத் தமிழர் நாடு கடந்து அமைத்த தளங்களின் பிணைப்பை ஆராய்ந்து, அதே ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்.

இத்தகைய ஆய்வில் தளங்களை முதலில் கையால் தேர்ந்து, நாடு, மொழி, நோக்கம் என வகைப்படுத்துவர். பின்னர் சிலந்தியை ஏவி இணைப்புகளைத் திரட்டிப் படம் வரைவர். அப்படத்தில் நாட்டெல்லை இல்லை. டொராண்டோவில் நடக்கும் தளம் இலண்டனில் நடக்கும் தளத்துக்கு அருகில் நிற்கலாம்; ஒரே தெருவில் உள்ள இரு சங்கங்களின் தளங்கள் எதிரெதிர் ஓரங்களில் நிற்கலாம். யார் யாரை மதித்துச் சுட்டுகின்றனர், யாரைச் சுட்டாது விடுகின்றனர் என்பது படத்தில் வெளிப்படுகிறது. கூட்டறிக்கையில் ஒற்றுமை பேசுவோர் தம் தளத்தில் ஒருவரை ஒருவர் இணைக்காதிருப்பின் அதுவும் அங்கே மறையாது.

இன்று தளம் நடத்துவோருக்கு இத்தகைய கருவிகள் பல உண்டு. முறிந்த இணைப்புகளையும், முகப்பிலிருந்து பல படிகள் ஆழத்தில் புதைந்த பக்கங்களையும் அவை காட்டித்தரும். அநாதைப் பக்கங்களைக் காண மட்டும் இன்னொரு முயற்சி வேண்டும். எப்பக்கமும் சுட்டாத ஒன்றைச் சிலந்தி தானே காணாது. வழங்கியிலுள்ள கோப்புப் பட்டியலைச் சிலந்தியின் பட்டியலோடு ஒப்பிட்டால், ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவையே அநாதைப் பக்கங்கள். முகநூலும் புலனமும் போன்ற மூடிய தளங்களில் எழுதப்படுவதைச் சிலந்தி பெரும்பாலும் காண இயலாது. ஆகவே அங்கு மட்டும் எழுதுவோர் இப்படங்களில் இடம்பெறுவதில்லை.

நமக்கு என்ன?

தமிழ் இணையத்தின் தொடக்கத்தில் இப்பகுதியின் பங்கு பெரிது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உலகத் தமிழர் பலரின் எழுதுகோலாயிற்று. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. ஆனால் அக்காலப் பக்கங்கள் பல வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் எழுதப்பட்டவை. இன்று ஒருங்குறியில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் அவை அகப்படுவதில்லை. அவற்றை அடைய இணைப்பு ஒன்றே வழி. அவ்விணைப்பும் முறிந்தால் அவை இருந்தும் இல்லாதனவே. 2009இல் ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளச் சேவை மூடப்பட்டபோது, தனியார் பலர் அங்கு அமைத்த பக்கங்கள் ஒரே நாளில் இடமிழந்தன. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை.

இவ்விழப்பின் தன்மையைத் தோட்ட மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறியதை அவர்கள் கண்டவர்கள். அதனைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் லயங்கள் மறைந்தன. மக்கள் பட்டணத்தை நாடினர். இடம் போனபின் எஞ்சுவது நினைவு. அந்நினைவு இன்று பள்ளியின் தளத்திலும், கோயில் மலரின் மின்பதிப்பிலும், முன்னாள் மாணவர் ஏற்றிய நிழற்படப் பக்கத்திலும் தங்கியுள்ளது. அவை ஒன்றையொன்று சுட்டாமல் தனித்தனியே கிடப்பின், ராகவனும் பிறரும் கண்ட தீவுகளின் நிலைதான் அவற்றுக்கும்.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. தமிழ்ப்பள்ளியோ கோயிலோ சங்கமோ தன் தளத்தில், அண்டைத் தோட்டத்துப் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஓர் இணைப்புக் கொடுக்கலாம். மதுரைத் திட்டம், நூலகம் போன்ற மின்னூலகங்களையும் சுட்டலாம். பழைய பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றலாம். கணினி பயிலும் இளைஞர் சிலர் கூடி, ஆண்டுக்கொரு முறை நெகிரி செம்பிலான் தமிழ்த் தளங்களின் இணைப்புப் படத்தை வரைந்தால், எது முறிந்தது, எது தனித்தது என்பது ஒரே பார்வையில் விளங்கும். மென்பொருள் இலவசம், வேண்டுவது சில நாள் உழைப்பே.

தோட்டத்துப் படம் துரையின் சுவரில் தொங்கியது. அதனை வரைந்தவர் நிலத்துக்கு உடையவர். வலையின் படத்தையோ யாரும் வரையலாம். தம் இருப்பைத் தாமே வரைந்துகொள்ளும் வாய்ப்பு நம் மக்களுக்கு இப்பொழுது கிடைத்துள்ளது. அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமை.